ஆயுத பூஜைக்குக் கழுவிய பீப்பாய்கள்

எங்கள் பட்டறையில் வேலை செய்தவர்களை விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். நகத்தின் ஓரத்திலும் மூட்டுகளிலும் ஆணியால் குத்தி எடுத்ததுபோல வட்டமாகச் சின்னக் குழிகள் இருக்கும். வலிக்காது, ஆறவும் ஆறாது. குரோம் தண்ணீர் பட்டுப் பட்டு வருவது அது. காலையில் மூக்குக்குள் வாசலின் தடவிக்கொண்டுதான் தொட்டிப் பக்கம் போவோம். மறந்துவிட்டால் மாலைக்குள் மூக்கிலிருந்து ரத்தம் வரும்.

1991-ல் எனக்கு முப்பத்தெட்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருந்த ஒரு முலாம் பட்டறையில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்துவந்தேன். மெட்ராஸிலிருந்து சைக்கிள் ஹேண்டில்பார்கள் டெம்போவில் வந்து இறங்கும். அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நிக்கல் தொட்டியில் முக்கி, அப்புறம் குரோம் தொட்டியில் முக்கி, கழுவித் துடைத்துக் காகிதம் சுற்றி அனுப்புவோம். கழுவுவது என் வேலை. கழுவக் கழுவத் தண்ணீர் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறும். மாலையில் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டால் அது ஒரு வாய்க்கால் வழியாகப் பின்னால் இருந்த குழிக்குப் போய்விடும். முதலாளி சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தார். வாய்க்காலையும் குழியையும் வெட்டியவன் நான்.

குழிக்கு அப்பால் கொஞ்சம் வேலிக்காத்தான் புதர். அதைத் தாண்டினால் நிலம் சரியும். சரிவின் அடியில் ஒரு வீடு, ஒரு மாட்டுக் கொட்டகை, ஒரு கிணறு. அது என் அக்காவின் வீடு. குழி வெட்டும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் மண்ணுக்குள் போனால் போய்விட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த வருஷம் சர்க்கார் ஆபீஸிலிருந்து முதலாளிக்கு ஒரு காகிதம் வந்தது. குழியில் தேங்கியிருக்கும் தண்ணீருக்கு வழி செய்யாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று அதில் இருந்ததாம். முதலாளி நாலு இடத்தில் விசாரித்து, கடைசியில் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவரைப் பிடித்தார். முப்பது வயது இருக்கும். முதல் நாள் வரும்போதே தாமதம். மே மாதம் எங்கள் ஊரில் நடந்ததை உலகமே அறியும். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் புது முகம் யாரைக் கண்டாலும் போலீஸ் நிறுத்தியது. இந்த அம்மா பை நிறையக் காலி பாட்டிலோடு வந்து இறங்கியிருக்கிறார். ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டிலாக மோந்து பார்த்துவிட்டு அனுப்பினார்களாம்.

வந்தவர் நேராகக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, மஞ்சள் மண்ணைக் கரண்டியால் அள்ளிப் பாட்டிலில் போட்டார். புது ஆட்கள் வந்தால் நான் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அன்றும் அப்படித்தான் நின்றேன். பாலிஷ் போடுகிறவர் மட்டும் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தார். அவர் வாய் ஓயாது.

"இன்னா மேடம், இந்த மண்ல வைரம் கீதா?"

"அதைவிடப் பெரிசு இருக்கு. ஒன்பது வருஷமா இந்த மண்ணுல விஷம் ஊறியிருக்கு. ஒரு புல் முளைக்கலை பாருங்க. இதுக்குள்ளயும் சாகாம கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு உயிரோட இருந்தா, அதுக்கு இந்தக் குரோமோட குடித்தனம் பண்ணத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுதான் நமக்கு வேணும்."

"பூச்சியா?"

"பூச்சின்னே வச்சிக்கலாம். பூச்சிய விடச் சின்னது."

"அதுக்கு எந்த ஷிப்டு மேடம்? ஓவர்டைம் உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருஷமாக அந்தக் குழியில் கால் வைத்து இறங்கி ஏறியவன் நான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதில் உயிரோடு இருக்கிறது என்று கேட்டதும் கால் கூசியது.

ஆடி மாதம் மூன்று நீலப் பீப்பாய்களைச் சாமி படம் மாட்டியிருந்த சுவருக்குப் பின்புறம் வரிசையாக வைத்தோம். உள்ளே தேங்காய் நாரை அடைத்தோம். குழித் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டு, நல்ல தண்ணீர் கலந்து ஊற்றினோம். அந்த மண்ணைக் கொஞ்சம் கரைத்து விட்டோம். தினமும் காலையில் வெல்லத் தண்ணீர் ஒரு சொம்பும், கரைத்து வடிகட்டிய சாணித் தண்ணீர் ஒரு சொம்பும் ஊற்றிச் சவுக்குக் கம்பால் மெதுவாகக் கலக்கி மூட வேண்டும். இந்த வேலையை அந்த அம்மா எனக்குக் கொடுத்தார். நான் கேட்காமலே, "நீங்கதான் பேசாம சொன்னதை மட்டும் செய்வீங்கண்ணே" என்றார்.

சாணி அக்கா வீட்டிலிருந்து வந்தது. தினமும் ஒரு கூடை. "இன்னாத்துக்குடா இத்தினி சாணி?" என்று அக்கா கேட்டாள். தரை மெழுக என்று சொன்னேன். பட்டறைக்கு சிமெண்டுத் தரை. அது அக்காவுக்குத் தெரியாது.

இரண்டு வாரத்தில் பீப்பாயிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. நார் முழுக்க வழவழவென்று ஒரு பசை படிந்தது. பிறகு தண்ணீர் வெளிறத் தொடங்கியது. ஒரு நாள் மூடியைத் திறந்தபோது மேலே இருந்த தண்ணீரில் மஞ்சளே இல்லை. அடியில் அழுக்குப் பச்சையாகச் சேறு தங்கியிருந்தது.

"குரோமை அது தின்னுடலண்ணே. குணத்தை மாத்திடுது. கரையுற குரோமைக் கரையாததா ஆக்கி அடியில உக்கார வைக்குது. கரையாதது கிணத்துக்கு ஓடாது" என்று அந்த அம்மா சொன்னார். நாரைத் தொட்டுக் காட்டினார். "இந்த வழவழப்புதான் உயிர். இதை யாரும் தொடாம பாத்துக்கங்க. பாலுக்கு உறை மாதிரி இது. தீபாவளிக்கு முன்ன நல்லாத் தேறிடும். அப்புறம் நார் மொத்தத்தையும் குழியிலயே போட்டுடலாம். பெருமழை பிடிக்கிறதுக்குள்ள குழித் தண்ணி மாறிடணும். மஞ்சளாவே நிரம்பி வழிஞ்சா கீழ இருக்கிற கிணறெல்லாம் போயிடும்."

கிணறு என்ற சொல்லை அன்றுதான் கவனித்துக் கேட்டேன்.

ஆவணியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய்மாமன் என்ற முறையில் நான்தான் முதல் வளையல் போட்டேன். பந்திக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் அந்தக் கிணற்றிலிருந்து நானே இறைத்து அண்டாக்களை நிரப்பினேன். எல்லோரும் குடித்தார்கள். நானும் குடித்தேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்து அந்த அம்மா ஐந்து பாட்டில் கொடுத்து, சுற்றுவட்டாரத்தில் ஐந்து இடங்களில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். பட்டறையின் போர்வெல், சாலையோர அடிபம்பு, ஏரி மதகு, இரண்டு கிணறுகள். அக்கா கிணற்றுப் பாட்டிலுக்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு நூல் கட்டினேன்.

ஐந்து கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு மருந்தும் பிறகு இன்னொரு மருந்தும் சொட்டு சொட்டாக விட்டார். நான்கு குழாய்கள் அப்படியே இருந்தன. ஐந்தாவது மெதுவாக நிறம் ஏறி வாடாமல்லிப் பூவின் நிறத்துக்கு வந்தது. நான் பாட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. நூல் எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"இது எந்த இடம்ண்ணே?"

"கீழண்ட ஒரு கெணறு மேடம்."

"குடிக்கிறாங்களா?"

நான் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடி போட்டேன்.

"குரோம் ரொம்ப இல்லை. ஆனா இருக்கு. இனிமே குடிக்கக் கூடாது. இன்னிக்கே அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிடலாம், நான் வர்றேன்."

"நீங்க பஸ்சுக்குப் போங்க மேடம். நான் சொல்லிக்கிறேன்" என்றேன். கேட்காமல் நானாக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் நம்பினார்.

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அது யாருடைய கிணறு என்று அவருக்குத் தெரியும். "மழைக்கு முன்ன இத்த முடிச்சிடலாம்பா. ரெண்டு மாசம். இப்ப வெளிய தெரிஞ்சா ஊரே வந்து கேட்டைப் பேத்துடும். அப்புறம் குழியும் அப்படியே நிக்கும், இந்த மேடமும் வரமாட்டாங்க. யோசிச்சிக்க" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விரலிலும் அந்தக் குழிகள் இருந்தன. ஆனால் அவர் சொன்னதால் நான் பேசாமல் இருந்தேன் என்று எழுதினால் அது பொய். அக்காவின் முகத்தைப் பார்த்து, உன் கிணற்றில் விஷம், அந்தக் குழியை வெட்டியவன் நான் என்று சொல்வதற்கு எனக்குப் பயம். அதுதான் உண்மை.

சொல்வதற்குப் பதிலாகத் தினமும் விடிந்ததும் அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். "மாசமா இருக்கிற பொண்ணுக்கு பம்புத் தண்ணி நல்லது" என்றேன். அக்கா சிரித்தாள். "தாய்மாமனுக்குப் பொறுப்பைப் பாரு" என்று மகளிடம் சொன்னாள். நாலு நாள் கழித்து அந்தப் பெண் என்னிடம், "மாமா, கோச்சுக்காதீங்க. உங்க பம்புத் தண்ணி துருவாட்டம் கீது. நம்ம கெணத்துத் தண்ணிதான் இனிப்பா கீது" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் புரட்டாசி முழுவதும் எனக்குப் பீப்பாய்தான் ஒரே பிடிமானம். காலையில் வந்ததும் மூடியைத் திறந்து நாரைப் பார்ப்பேன். பசை தடித்திருந்தால் மனசு கொஞ்சம் நிற்கும். நாற்றம் பலமாக வந்தால் சந்தோஷம். குழியில் ஒரு மூங்கில் கம்பை நட்டு, விரற்கடை விரற்கடையாகக் கோடு கீறி வைத்திருந்தேன். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு நாளைக்குப் பத்து முறை போய்ப் பார்ப்பேன்.

ஆயுத பூஜைக்கு அந்த அம்மாவுக்குப் பத்து நாள் விடுமுறை. சொந்த ஊருக்குப் போனார். பூஜைக்கு முதல் நாள் பட்டறையில் எல்லாவற்றையும் கழுவுவது வழக்கம். பாலிஷ் மோட்டாரிலிருந்து சாவிக்கொத்து வரைக்கும். கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஒரு ஸ்பேனரைக்கூட விடமாட்டோம். மதியம் முதலாளி பின்பக்கம் வந்து மூக்கைப் பொத்தினார்.

"இன்னாப்பா இது, சாமி படத்துக்குப் பின்னாடியே இப்படி நாறுது? வூட்ல பொம்பளைங்கல்லாம் பூஜைக்கு வராங்க. இத்தயும் கழுவி பொட்டு வை."

"மேடம் வந்து..." என்றேன்.

"மேடம் வரட்டும். மறுபடி வெல்லம் ஊத்துனா அது பாட்டுக்கு வளரும். கண்ணுக்குத் தெரியாததுதான."

அவர் போய்விட்டார். நான் பீப்பாய்களின் முன்னால் நின்றேன். தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் மனசிலும் ஒரு குறை இருந்தது. உழைக்கிற எதையும் அன்றைக்கு அழுக்காக விடக்கூடாது. எல்லா மிஷினையும்விட என் அக்கா குடும்பத்துக்காக உழைப்பவை இந்த மூன்று பீப்பாய்கள்தான். இவற்றை மட்டும் நாற்றத்தோடு, பொட்டில்லாமல், ஒதுக்கி நிறுத்துவதா? அப்படிச் செய்தால் தெய்வக் குற்றமாகி அது அந்தப் பிள்ளைத்தாய்ச்சி மேல் வந்து விடியுமோ என்றுகூட நினைத்தேன்.

நாரை எல்லாம் பிடுங்கி வேலிக்காத்தான் பக்கம் குவித்தேன். தண்ணீரைக் கவிழ்த்துக் குழியில் ஊற்றினேன். பிளீச்சிங் பவுடர் போட்டு உள்ளேயும் வெளியேயும் தேய்த்தேன். கடையிலிருந்து புது நார் வாங்கி அடைத்தேன். மூன்று பீப்பாய்க்கும் விபூதிப் பட்டை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமந்திச் சரம் சுற்றினேன். பாலிஷ்காரர் பார்த்துவிட்டு, "பூச்சிக்கும் பூஜை போனஸ் குடுத்துட்டியா மச்சான்?" என்றார்.

பூஜை முடிந்த மறுநாள் குழித் தண்ணீரை நிரப்பி, வெல்லமும் சாணியும் ஊற்றினேன். மூன்று நாள் மஞ்சள் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் வெல்லத்தை இரண்டு மடங்காக்கினேன். புளித்த வாடைதான் வந்தது, பழைய நாற்றம் வரவில்லை. ஏழாம் நாள் கையை விட்டுப் பார்த்தேன். நார் சொரசொரவென்று புதுசாகவே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உறையைக் கழுவி ஊற்றிவிட்டு வெறும் பாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் நாள் மழை பிடித்தது. ஒரே பகலில் குழித் தண்ணீர் நாலு விரற்கடை ஏறியது.

விடுமுறை முடிந்து வந்த அந்த அம்மா பீப்பாய்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பொட்டு காய்ந்திருந்தது. பூச்சரம் வாடித் தொங்கியது. பீப்பாய்த் தண்ணீரைக் குழாயில் பிடித்து மருந்து விட்டார். வாடாமல்லி இல்லை, அதைவிடக் கருத்த நிறம்.

"என்ன ஆச்சுண்ணே?"

பாலிஷ்காரர் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதலாளி, "மேடம், இது நம்மூர்க் காத்துக்கு ஒத்துவரல போல. நான் மதகுப் பக்கம் வாய்க்கா வெட்டி மழையோட மழையா தொறந்து வுட்டுடறேன். வேற வழி இல்ல" என்றார். கழுவச் சொன்னது தான்தான் என்பதை அவரும் சொல்லவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் வாதாடினார். பிறகு பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

நான் பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தத்தில் பத்தடி தள்ளி நின்றேன். அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். தூரத்தில் பஸ் தெரிந்தது. அது வந்துவிட்டால் அவர் போய்விடுவார், வாய்க்காலை வெட்டுவார்கள், மதகுத் தண்ணீர் ஊர் முழுக்கப் போகும் என்று தோன்றியதும் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், நான்தான் கழுவிட்டேன்."

"எதை?"

"பீப்பாய. பிளீச்சிங் போட்டு. ஆயுத பூஜைக்கு."

அவர் திட்டவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறுமா" என்றார். அவர் ஏறவில்லை.

"பழைய நாரை என்ன பண்ணீங்க?"

"பின்னாடி குவிச்சு வச்சிக்கீறேன்."

"எரிக்கலையே?"

"இல்ல மேடம். கூரைத் தண்ணி விழுற எடம், நனைஞ்சு கெடக்குது."

அவர் முகம் மாறியது. நடக்கத் தொடங்கியவர் சட்டென்று நின்று, "அண்ணே, அந்தக் கிணத்து வீட்டுல சொல்லிட்டீங்கல்ல?" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது எங்கக்கா வூடு மேடம்" என்றேன். அதற்குள்ளேயே எல்லாம் இருந்தது. அவர் புரிந்துகொண்டார்.

"நாரு அங்கயேதான் கிடக்கும். முதல்ல உங்க அக்கா வீட்டுக்கு வாங்க" என்றார்.

சரிவில் இறங்கினோம். அக்கா மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"இன்னாடா பட்டப்பகல்ல வந்து நிக்கிற? இவங்க யாரு?" என்றாள் அக்கா.

அந்த அம்மா பேச வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அக்கா, கெணத்துத் தண்ணிய குடிக்காத. எங்க பட்டறைத் தண்ணி அதுல எறங்கிகீது. அது வெஷம். எனக்கு ஆவணியிலயே தெரியும்."

அந்தப் பெண்ணின் கை டம்ளரைத் தள்ளி வைத்தது. அக்கா மாட்டின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வளைகாப்புக்கு முன்னயா, பின்னயா?"

"பின்ன. ஒரு வாரம் கழிச்சு."

"அப்ப அந்தப் பம்புத் தண்ணி?"

"அதுக்குத்தான்."

"அத்த மாட்டுக்கு வச்சேனேடா." குரல் உயரவில்லை. "தெனம் சாணி வாங்கிகினு போனியே, அது இன்னாத்துக்கு?" என்றாள்.

"அந்த வெஷத்தை முறிக்கத்தான்."

"எங்க சாணிய வாங்கி எங்க கெணத்துக்கு வைத்தியம் பாத்துகினு, எங்ககிட்ட மட்டும் சொல்லல."

அக்கா மகள் அந்த அம்மாவைப் பார்த்து, "கொழந்தைக்கு இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் டாக்டர் இல்லை. கிணத்துல இருக்கிறது கொஞ்சம்தான். இனிமே ஒரு வாய்கூடக் குடிக்காத. என்னன்னு நான் எழுதித் தரேன், நாளைக்கே ஆஸ்பத்திரியில காட்டு." பொய்யாக ஓர் ஆறுதல்கூட அவர் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அக்கா கிணற்றடிக்குப் போய் ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவிச் சுருட்டி, வாளியோடு எடுத்துப்போய் வீட்டுக்குள் வைத்தாள். திரும்பி வந்தவள் என்னைப் பார்க்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பி நார்க் குவியலைக் கிளறினோம். மேலே இருந்தது வெளுத்துக் காய்ந்திருந்தது. அடியில் கையை விட்டால் வழவழவென்றது. அந்த நாற்றமும் இருந்தது. ஒரு கைப்பிடியைப் பாட்டிலில் போட்டு, மஞ்சள் தண்ணீரும் வெல்லமும் விட்டு மூடினார். "பிளீச்சிங் இதுல படலை. பொழைச்சிருந்தா மூணு நாள்ல தெரியும்" என்றார். முதலாளியிடம் நடந்ததை அவரே சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். "நான்தான் கழுவச் சொன்னேன்" என்றார். வாய்க்கால் வெட்டும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அந்த மூன்று நாளும் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இரண்டாம் நாள் மஞ்சள் வெளிறுகிறதா, என் கண்தான் ஏமாற்றுகிறதா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் பாட்டிலின் அடியில் பச்சையாக ஒரு கோடு படிந்திருந்தது.

நார் முழுதும் தேறும்வரை காத்திருக்க முடியாது என்று அந்த அம்மா சொன்னார். வெய்யில் அடித்த இரண்டு நாளில் பழைய நாரைச் சாக்குகளில் கட்டிக் கல் வைத்துக் குழி முழுக்க இறக்கினோம். சுண்ணாம்பு கரைத்துவிட்டோம். முதலாளி வெல்ல மண்டியிலிருந்து கழிவுப் பாகு டின் டின்னாகக் கொண்டுவந்து ஊற்றினார். சாணிதான் நிறைய வேண்டியிருந்தது. அக்காவிடம் எப்படிப் போய்க் கேட்பது என்று நான் கூடையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது புதருக்குள் சலசலப்புக் கேட்டது. அக்காவே தலையில் கூடையோடு ஏறி வந்தாள்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "அம்மா..." என்றார்.

"ஒதுங்கு சாமி, சாணி படும்" என்றாள் அக்கா. குழிக்கரைக்குப் போய் நின்று, அந்த மஞ்சளை முதல் முறையாகப் பார்த்தாள். கூடையைக் கவிழ்த்தாள். நான் உதவப் போனேன். "உன் கை வேணாம்" என்றாள். தினமும் அவளே வந்தாள். மூன்றாம் நாள் முதலாளியிடம், "உங்க போர்ல பைப் போட்டு எங்க வூட்டுக்குத் தண்ணி வுடு" என்றாள். அவர் மறுநாளே விட்டார்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. மண் மூட்டை அடுக்கிக் கரையை உயர்த்தினோம். மூங்கில் கம்பில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கம்பைப் பார்ப்பேன், நிறத்தைப் பார்ப்பேன், மறுபடி கம்பைப் பார்ப்பேன். மஞ்சள் மண்நிறமாகி, மண்நிறம் அழுக்குப் பச்சையாகி வந்தது. கார்த்திகையில் ஒரு நாள் அடைமழையில் கம்பு முழுகிவிட்டது. மதியம் கரையின் ஒரு மூலையில் தண்ணீர் வழிந்து சரிவை நோக்கி ஓடியது. அந்த அம்மா குடையைப் பிடிக்க முடியாமல் நனைந்துகொண்டே ஒரு குழாயில் அதைப் பிடித்து மருந்து விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பாருங்கண்ணே" என்றார். ரோஜா இதழின் ஓரம்போல மிக லேசாக நிறம் இருந்தது. முற்றிலும் இல்லாமல் போகவில்லை.

அந்த வாரமே அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன், உள்ளே போகத் தைரியம் இல்லை. அக்காதான் வெளியே வந்து, "வந்து பாத்துட்டுப் போ" என்றாள். குழிக்கரையில் என் கை வேண்டாம் என்றதற்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். நான் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. அதற்குப் பிறகும் அந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தால், காய்ச்சல் வந்தால், மூக்கில் ஒரு துளி ரத்தம் வந்தால், எனக்கு அந்த டம்ளர்தான் நினைவுக்கு வரும். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இன்றும் அப்படித்தான்.

தை மாதம் பொங்கல் கழிந்து அந்த அம்மா கடைசி முறையாகக் கிணற்றடிக்கு வந்தார். ராட்டினத்தில் கயிறு இல்லாததால் அக்கா உள்ளே போய் எடுத்துவந்து மாட்டினாள். தண்ணீர் இறைத்துக் குழாயில் ஊற்றி, மருந்துகளைச் சொட்டினார். நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றோம். அக்கா மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் நிறம் மாறவில்லை.

"வெள்ளையாத்தான கீது?" என்றாள் அக்கா.

"வெள்ளைதான். ஆனா மழைத் தண்ணியும் சேர்ந்திருக்கும்மா. கோடையில இன்னொரு தடவை பாக்கணும். குழியோட அடிச் சேறும் அங்கயேதான் இருக்கு, அதை எடுத்து காரைத் தொட்டி கட்டி மூடணும். முதலாளிகிட்ட எழுதி வாங்கியிருக்கேன்."

அக்கா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு சொம்பில் சாய்த்தாள். மகளுக்குக் கொடுக்கப் போகிறாளோ என்று எனக்குப் பகீரென்றது. அவள் நேராக என்னிடம் வந்து நீட்டினாள்.

"நீ குடி."

அந்த அம்மா ஏதோ சொல்ல வந்தார். அக்கா திரும்பவில்லை. நான் சொம்பை வாங்கினேன். தூக்கிக் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஆவணியிலும் அது இனிப்பாகத்தான் இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மறுபடி சொம்பைத் தூக்கினேன்.